தேதி, நேரம் வைத்து கோடு எழுதும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள்: சென்னை டெவலப்பர்களின் அனுபவப் பகிர்வு

பெருங்குடி_பேக்எண்ட்

தேதி, நேரம் சம்பந்தமாக வேலையில் பார்த்த கோளாறுகளை இங்கே பதியலாம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிச் சரி செய்வது என்று மூன்றும் இருந்தால் அடுத்தவருக்கு உதவும். நான் அடிக்கடி பார்க்கும் ஒன்றில் ஆரம்பிக்கிறேன்.

பிரவுசரில் ஒரு ஃபார்ம். பயனர் இன்வாய்ஸ் தேதியாக 01-04-2025 என்று தேர்வு செய்கிறார். டேட் பிக்கர் கையில் கொடுப்பது சென்னை நேரப்படி ஏப்ரல் 1, நள்ளிரவு 00:00. அதை அப்படியே டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (தேதியை யூடிசி ஸ்ட்ரிங்காக மாற்றும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்) போட்டு அனுப்பினால் சர்வருக்குப் போய்ச் சேருவது 2025-03-31, 18:30 யூடிசி (உலகப் பொது நேரம்; நம் இந்திய நேரமான ஐஎஸ்டி அதைவிட 5:30 மணி முன்னால்). சர்வர் பக்கம் முதல் பத்து எழுத்தை வெட்டித் தேதி என்று சேமித்திருப்பார்கள். ஆக மார்ச் 31. ஒரு நாள்தான் பிசகியது, ஆனால் இன்வாய்ஸ் போன நிதியாண்டில் போய் உட்கார்ந்துவிட்டது. ஜிஎஸ்டி ரிட்டர்னில் மாதமும் தப்பு.

இது அமெரிக்க க்ளையன்ட் டெஸ்ட் செய்யும்போது வெளியே வராது. நியூயார்க்கில் ஏப்ரல் 1 நள்ளிரவு என்பது யூடிசி-யில் ஏப்ரல் 1, 04:00. தேதி மாறாது. கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு நாள் பின்னால் போகும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 2025-04-01 என்று தேதியை மட்டும் ஸ்ட்ரிங்காகக் கொடுத்து டேட் ஆப்ஜெக்ட் உருவாக்கினால் அது யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நேரத்தையும் சேர்த்து, டைம்ஜோன் சொல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். முதல் வகையில் சென்னையில் காட்டுவது ஏப்ரல் 1, காலை 5:30. தேதி சரியாகத் தெரிவதால் நம் ஊர் டெஸ்டர் பாஸ் போட்டுவிடுவார். அதே ஸ்கிரீன் நியூயார்க்கில் மார்ச் 31 என்று காட்டும். இந்த இரண்டு கோளாறும் ஒரே கோடில் சேர்ந்தே இருக்கும். எந்தக் கரையில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஏதாவது ஒன்றுதான் கண்ணில் படும்.

தீர்வு: பிறந்த தேதி, இன்வாய்ஸ் தேதி, விடுமுறை நாள் ஆகியவை காலண்டரில் உள்ள ஒரு கட்டம். அவற்றுக்கு மணியும் கிடையாது, டைம்ஜோனும் கிடையாது. பேமென்ட் ஆன நேரம், லாகின் ஆன நேரம் ஆகியவை உலகம் முழுக்க ஒரே கணம். இரண்டுக்கும் ஒரே டைப் வைக்கக் கூடாது. காலண்டர் தேதியை டேட்டாபேஸில் டேட் டைப்பாக, ஜாவாவில் லோக்கல்டேட்டாக, ஏபிஐ-யில் வெறும் பத்தெழுத்து ஸ்ட்ரிங்காக வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் கெட்ஃபுல்இயர், கெட்மன்த், கெட்டேட் மூன்றையும் எடுத்து நீங்களே ஸ்ட்ரிங் கட்டுங்கள். மாதம் 0-வில் ஆரம்பிப்பதால் 1 கூட்ட வேண்டும்.

தரமணி_எஸ்க்யூஎல்

மேலே சொன்னதன் தொடர்ச்சிதான் ரிப்போர்ட்டில் வரும். உருவான நேரம் யூடிசி-யில் சேமிக்கப்பட்டிருக்கும், டெய்லி ரிப்போர்ட் எழுதுபவர் அந்தக் காலத்துக்கு (இங்கே காலம் என்பது டேபிளின் நெடுவரிசை) மேலே டேட் ஃபங்ஷனைப் போட்டு க்ரூப் பண்ணிவிடுவார். நம் நேரம் நள்ளிரவு 12 முதல் காலை 5:29 வரை நடந்த அத்தனையும் முந்தைய நாள் கணக்கில் சேரும். பகல் வியாபாரக் கடை என்றால் வித்தியாசம் தெரியவே தெரியாது. பால், ரீசார்ஜ், டிக்கெட் புக்கிங் மாதிரி விடியற்காலை வியாபாரம் உள்ள இடத்தில் ஃபைனான்ஸ் டீம் உடனே கண்டுபிடித்துவிடும்.

சரியான வழி: ஐஎஸ்டி நாளின் இரண்டு எல்லையையும் யூடிசி-க்கு மாற்றிக்கொண்டு கேளுங்கள். ஏப்ரல் 1 வேண்டுமென்றால், மார்ச் 31 18:30 யூடிசி-க்குச் சமம் அல்லது அதற்கு மேல். ஏப்ரல் 1 18:30 யூடிசி-க்குக் கண்டிப்பாகக் கீழ். காலத்துக்கு மேல் ஃபங்ஷன் இல்லாததால் இண்டெக்ஸும் வேலை செய்யும்.

பிட்வீன் போட்டு மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை என்று கேட்டால் 31-ஆம் தேதி நள்ளிரவு 00:00 மட்டும்தான் உள்ளே வரும். அந்த நாள் முழுக்க வெளியே நிற்கும். அதைச் சரி செய்கிறேன் என்று 23:59:59 சேர்ப்பார்கள். கடைசி விநாடியின் மில்லிசெகண்டுகள் அப்போதும் போச்சு. 23:59:59.999 என்று போட்டால் எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் டைப் அதை அடுத்த நாள் 00:00-க்கு ரவுண்டு பண்ணிவிடும், ஏனென்றால் அதன் படி .000, .003, .007 என்றுதான் போகும். அடுத்த மாத முதல் நாள், அதற்குக் கண்டிப்பாகக் கீழ் என்று எழுதினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இன்னொன்று, இது அரை மணி நேர வித்தியாசம் உள்ள நம்மைப் போன்ற ஊருக்கே உரியது. அனலிடிக்ஸில் இடத்தை மிச்சப்படுத்த டேட்டாவை யூடிசி-யில் மணிக்கு ஒரு ரோவாகச் சுருக்கி, மூல டேட்டாவை அழித்துவிடுவார்கள். நம் நாள் 18:30-இல் ஆரம்பிக்கிறது. 18:00 முதல் 19:00 வரையிலான ஒரே ரோவில் பாதி நேற்று, பாதி இன்று. அதைப் பிரிக்க வழியே இல்லை. சுருக்குவதானால் 30 நிமிடத்துக்கு ஒரு ரோ. நேபாளம் போல 5:45 உள்ள ஊர் க்ளையன்ட்டும் வரலாம் என்றால் 15 நிமிடத்துக்கு ஒன்று. ஸ்கீமா போடும் நாளிலேயே இதை முடிவு செய்யாவிட்டால் பிறகு எந்த க்வெரியாலும் மீட்க முடியாது.

டேட்டாபேஸ் வாரியாக மூன்று விஷயம். மைஎஸ்க்யூஎல்-இல் டைம்ஸ்டாம்ப் டைப் யூடிசி-யாகச் சேமித்து, கனெக்‌ஷனின் டைம்ஜோனுக்கு மாற்றிக் காட்டும். டேட்டைம் டைப் கொடுத்ததை அப்படியே வைத்திருக்கும். அங்கே கன்வர்ட் டிஇசட் ஃபங்ஷனில் ஆசியா/கொல்கத்தா என்று பெயர் கொடுத்து நல் (வெற்று மதிப்பு) வருகிறது என்றால் டைம்ஜோன் டேபிள்கள் ஏற்றப்படவில்லை என்று அர்த்தம். ஏற்ற நேரமில்லை என்றால் +05:30 என்று எண்ணாகக் கொடுத்தாலும் ஓடும். போஸ்ட்கிரெஸ்ஸில் டைம்ஜோனுடன் கூடிய டைம்ஸ்டாம்ப், பெயரில்தான் டைம்ஜோன் வைத்திருக்கிறது; உள்ளே யூடிசி கணம் மட்டும்தான், எந்த ஊரிலிருந்து வந்தது என்பது தொலைந்துவிடும். ஊர் வேண்டுமென்றால் தனிக் காலம் வையுங்கள். கடைசியாக, போஸ்ட்கிரெஸ்ஸில் நேரத்தின் பின்னால் ஐஎஸ்டி என்று சுருக்கெழுத்து எழுதாதீர்கள். அதன் இயல்பான பட்டியலில் அந்த மூன்றெழுத்து இஸ்ரேல் நேரம், அதாவது +2. மூன்றரை மணி நேரம் தள்ளிப் போகலாம், எரரும் வராது.

புதுசா_வந்தவன்

சார், ஒரு சந்தேகம். எங்க டேபிள்ல டேட்டைம் காலம், எல்லாம் ஐஎஸ்டி-யிலேயே சேர்ந்திருக்கு. இப்ப யூடிசி-க்கு மாத்தச் சொல்றாங்க. மொத்தமா 5:30 கழிச்சு அப்டேட் போட்டா போதுமா?

தரமணி_எஸ்க்யூஎல்

போதாது தம்பி. கழிப்பது சுலபம், எதைக் கழிப்பது என்பதுதான் கேள்வி. எல்லா ரோவும் ஐஎஸ்டி-தானா என்று முதலில் பார். ஆப் கோடு சேர்த்த ரோ ஐஎஸ்டி-யில் இருக்கும், டேட்டாபேஸின் டீஃபால்ட் நவ் மூலம் சேர்ந்தது யூடிசி-யில் இருக்கும், பேட்ச் ஜாப் மூன்றாவதாக ஒன்றை எழுதியிருக்கும். அந்த டேபிளில் எழுதும் ஒவ்வொரு ப்ரோக்ராமையும் பட்டியல் போடு. ஒவ்வொன்றிலும் சில ரோ எடுத்து வெப் சர்வர் லாகுடனோ பேமென்ட் கேட்வே கொடுத்த நேரத்துடனோ ஒப்பிடு. சரியாக 5:30 வித்தியாசம் எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும்.

பிறகு பழைய காலத்தைத் தொடாதே. புதிதாக ஒரு காலம் சேர். முதலில் ஆப் இரண்டிலும் எழுதட்டும். அதன்பின் பழைய ரோக்களைச் சின்னச் சின்னத் தொகுதியாக நிரப்பு, எந்த ப்ரோக்ராம் எழுதியது என்று பார்த்து 5:30 கழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய். ரிப்போர்ட்டுகளைப் புதிய காலத்துக்கு மாற்று. ஒரு மாதக் கணக்கு முடிந்து இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பழையதை எடு. நமக்குக் கோடைக்கால நேர மாற்றம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவது) இல்லாததால் கழித்தல் துல்லியமாக இருக்கும். அமெரிக்க நேரத்தில் சேமித்த டேபிள் என்றால் நவம்பரில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். அந்த ரோக்கள் எது முதலாவது, எது இரண்டாவது என்று பிரிக்கவே முடியாது.

மயிலை_பைதான்

நேரம் 23 நிமிடம் குறைவாகக் காட்டினால் உடனே பைட்ஸ் (பி-ஒய்-டி-இசட்) என்ற பைதான் டைம்ஜோன் லைப்ரரியைத் தேடிப் பாருங்கள். டேட்டைம் கட்டும்போது டிஇசட்இன்ஃபோ இடத்தில் பைட்ஸின் ஆசியா/கொல்கத்தா ஆப்ஜெக்டை நேரடியாகக் கொடுத்தால் அது +5:30 ஆகாது, +5:53 ஆகும். காலை 10:00 என்று வைத்தது யூடிசி-யில் 04:07 ஆகப் போய், திரும்ப நம் நேரத்துக்கு வரும்போது 9:37 ஆகிவிடும்.

அந்த 5:53 எங்கிருந்து வருகிறது? டைம்ஜோன் டேட்டாபேஸில் ஒவ்வொரு ஊருக்கும் முழு வரலாறு இருக்கிறது. கொல்கத்தாவுக்கு முதல் வரி அந்த ஊரின் சூரிய நேரம், 5:53:28. சற்றுக் கீழே வருவது நம் மெட்ராஸ் நேரம், 5:21:10. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய வானாய்வகத்தை வைத்துக் கணக்கிட்டது; ரயில்வே அதைத்தான் நாடு முழுக்கப் பயன்படுத்தியது. 1906 ஜனவரி 1 முதல் 5:30. பைட்ஸ் ஆப்ஜெக்டை நேரடியாகக் கொடுத்தால் அது எந்த ஆண்டு என்று பார்க்காமல் முதல் வரியை எடுத்துவிடுகிறது.

பைட்ஸிலேயே இருக்க வேண்டுமென்றால் லோக்கலைஸ் மெத்தட் வழியாகக் கொடுங்கள். பைதான் 3.9 முதல் ஜோன்இன்ஃபோ உள்ளேயே வருகிறது, அதில் நேரடியாகக் கொடுக்கலாம். விண்டோஸில் டிஇசட்டேட்டா (டைம்ஜோன் விதிகள் அடங்கிய) பேக்கேஜையும் தனியாக இன்ஸ்டால் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஜோன் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும்.

யூடிசிநவ் பற்றியும் சொல்ல வேண்டும். அது தரும் டேட்டைமில் டைம்ஜோன் ஒட்டியிருக்காது. அதன் மேல் டைம்ஸ்டாம்ப் மெத்தடைக் கூப்பிட்டால் பைதான் அதை உள்ளூர் நேரமாக நினைத்துக்கொள்ளும். யூடிசி சர்வரில் சரியான விடை, சென்னை லேப்டாப்பில் 19,800 விநாடி குறைவு. லாகின் டோக்கன் உருவாகும்போதே காலாவதியாவது பெரும்பாலும் இதனால்தான். பைதான் 3.12-இல் இதைக் கைவிடப் பரிந்துரைத்துவிட்டார்கள். நவ் ஃபங்ஷனுக்குள் யூடிசி-யைக் கொடுத்து வாங்குவதே சரி.

மூத்த குடிமக்கள் டேட்டா வைத்திருப்பவர்கள் கவனிக்க: 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை போர்க்காலத்தில் இந்தியக் கடிகாரம் +6:30. 10-06-1944 என்ற பிறந்த தேதியை நள்ளிரவாகப் பிரவுசர் யூடிசி-க்கு மாற்றினால் ஜூன் 9, 17:30. சர்வர் அதற்கு நிலையாக 5:30 கூட்டினால் ஜூன் 9, இரவு 11 மணி. மற்ற பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வந்து, இந்த மூன்று ஆண்டுகளில் பிறந்தவர்களுக்குப் பென்ஷன் ஃபார்மில் ஒரு நாள் குறையும். பெருங்குடி நண்பர் சொன்னபடி பிறந்த தேதியைத் தேதியாகவே வைத்திருந்தால் இது எழவே எழாது.

ஷிஃப்ட்_ரோஸ்டர்

வருகைப் பதிவு, கேப் ரோஸ்டர் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு.

இரவு 8:30-க்கு வந்து காலை 5:30-க்குப் போகிறார். தேதி வாரியாகப் பிரித்தால் முதல் நாளில் உள்ளே வந்த பதிவு மட்டும், மறுநாளில் வெளியே போன பதிவு மட்டும். இரண்டு நாளும் அரை நாள் லீவு ஆகிவிடும். நேரத்தை மட்டும் கழித்தால் மைனஸ் 15 மணி. அதனால் பஞ்ச் (உள்ளே வந்த, வெளியே போன பதிவு) ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்ட் தேதி என்று தனியாக ஒன்று தேவை. ஷிஃப்ட் ஆரம்பத்துக்கு 4 மணி நேரம் முன்பிலிருந்து 16 மணி நேரம் பின்பு வரை விழும் பஞ்ச் எல்லாம் அந்த ஷிஃப்ட்டுக்குச் சொந்தம் என்று ஒரு ஜன்னல் வையுங்கள். அந்த எண்ணைக் கம்பெனி மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள். நள்ளிரவை எல்லையாக வைக்கவே கூடாது.

பயோமெட்ரிக் மெஷின் பெரும்பாலும் டைம்ஜோன் இல்லாமல் சுவர்க்கடிகார நேரத்தை மட்டும் அனுப்பும். உள்ளே உள்ள பேட்டரி தீர்ந்த மெஷினில் கரண்ட் போய் வந்தால் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். மெஷின் சொன்ன நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் சேமியுங்கள். நெட் இல்லாமல் தேங்கிய பஞ்ச் தாமதமாக வரும், அது இயல்பு. எதிர்கால நேரத்தில் வந்தாலோ பல மாதம் பின்னால் இருந்தாலோ தனியாக ஒதுக்கி ஹெச்ஆர் பார்வைக்கு அனுப்புங்கள்.

அமெரிக்க ஷிஃப்ட்டில் ரோஸ்டரை ஐஎஸ்டி-யில் எழுதி வைப்பது தப்பு. நியூயார்க் காலை 9 என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 7:30, கோடையில் மாலை 6:30. 2026-இல் அங்கே கோடைக்கால நேரத்துக்கு மார்ச் 8-இல் மாறுகிறது, லண்டன் மார்ச் 29-இல்தான் மாறும். நடுவில் மூன்று வாரம் லண்டன், நியூயார்க் வித்தியாசம் 5 மணி இல்லை, 4 மணி. மூன்று ஊரும் சேரும் கான்ஃபரன்ஸ் காலில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருப்பார். அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை மறுபடி ஒரு வாரம். ரோஸ்டரில் காலை 9:00, அமெரிக்கா/நியூயார்க் என்று இரண்டு காலமாக வைத்துக்கொண்டு, கேப் பிக்கப் நேரத்தை ஒவ்வொரு நாளும் அதிலிருந்து கணக்கிடுங்கள்.

கிளாம்பாக்கம் பஸ் புக்கிங்கிலும் இதே சிக்கல் இன்னொரு உருவில். வெள்ளி இரவு கிளம்புகிறோம் என்று நினைப்பவருக்கு 00:15 பஸ் சனிக்கிழமை தேதியில் இருக்கும். வெள்ளியைத் தேடியவருக்கு வியாழன் நள்ளிரவு தாண்டிய பஸ்ஸைக் காட்டி டிக்கெட் போட்டுவிடக் கூடாது. இரவு 12 முதல் 3 வரை கிளம்புகிற பஸ்ஸில் ‘வெள்ளி இரவு, சனி 00:15’ என்று இரண்டையும் அச்சிடுவது நல்லது.

அடையாறு_டெவ்ஆப்ஸ்

கிளவுட் ரீஜன் மும்பையில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் மெஷினின் கடிகாரம் யூடிசி-தான். ரீஜனுக்கும் டைம்ஜோனுக்கும் சம்பந்தமில்லை.

கிரானில் (குறித்த நேரத்தில் ஜாப்பைத் தானாக ஓட்டும் லினக்ஸ் வசதி) தினமும் நள்ளிரவு 12:10 ஐஎஸ்டி வேண்டுமென்றால் 18:40 யூடிசி என்று போட்டுவிடலாம். மாத முதல் தேதி 12:10 வேண்டும் என்றால்தான் தலைவலி. அது யூடிசி-யில் முந்தைய மாதக் கடைசி நாள் 18:40. கடைசி நாள் 28, 29, 30, 31 என்று மாறும், கிரானில் அதை ஒரே வரியில் எழுத முடியாது. 1-ஆம் தேதி 18:40 என்று போட்டால் நமக்கு 2-ஆம் தேதி ஓடும். எளிய வழி: ஐஎஸ்டி காலை 5:30-க்கு மேல் நள்ளிரவு வரை இரண்டு ஊர்த் தேதியும் ஒன்றுதான். மாத ஜாப்பைக் காலை 6:00-க்கு, அதாவது 00:30 யூடிசி-க்கு வைத்தால் தேதி பற்றிய கவலை இல்லை. நள்ளிரவிலேயே ஓடியாக வேண்டும் என்றால் குபர்நெட்டீஸ் 1.27 முதல் கிரான்ஜாப்பில் டைம்ஜோன் ஃபீல்டு நிலையாக இருக்கிறது, சிஸ்டம்டி டைமரிலும் வரியின் கடைசியில் ஜோன் பெயர் கொடுக்கலாம். சாதா கிரானில் மெஷினின் டைம்ஜோனை மாற்றினால் கிரான் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள். பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ஜாப்புக்குள்ளே இன்று என்ன தேதி என்று கேட்காதீர்கள். எந்தத் தேதிக்கான ஜாப் என்பதை வெளியிலிருந்து பாராமீட்டராகக் கொடுங்கள். நேற்று விழுந்த ஜாப்பை இன்று மறுபடி ஓட்டும்போது அருமை தெரியும்.

அல்பைன் லினக்ஸ் மாதிரி சின்ன கண்டெய்னரில் டைம்ஜோன் ஃபைல்களே இருக்காது. கோ மொழியில் லோட்லொகேஷன் எரர் தரும். எரரைப் பார்க்காமல் விட்ட கோடு அங்கேயே பேனிக் ஆகும், இல்லை யூடிசி-க்கு நழுவும். இமேஜில் டிஇசட்டேட்டா சேருங்கள், கோ 1.15 முதல் டைம்/டிஇசட்டேட்டாவை இம்போர்ட் செய்து பைனரிக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் முடியும்.

யூஆர்எல்-இல் 10:00:00+05:30 என்று அப்படியே அனுப்பினால் கூட்டல் குறி சர்வரில் ஸ்பேஸாக மாறும். பார்சர் எரர் தரும், அல்லது ஆஃப்செட்டையே (+05:30 என்ற பகுதியை) விட்டுவிடும். கூட்டலை சதவீதம் 2பி என்று என்கோட் செய்யுங்கள். ஆஃப்செட் முழு மணியாகத்தான் இருக்கும் என்று ரெஜெக்ஸ் எழுதிய லைப்ரரிகளும் உண்டு. அங்கே நம் 30 நிமிடம் காணாமல் போகும்.

ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கச் சுவர்க்கடிகாரத்தைக் கழிக்காதீர்கள். என்டிபி (நெட் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) கடிகாரத்தைத் திருத்தும்போது மைனஸ் விடை வரும். பைதானில் டைம் மாட்யூலின் மோனோடானிக், ஜாவாவில் நானோடைம், பிரவுசரில் பெர்ஃபார்மன்ஸ் நவ்.

லோன்_சிஸ்டம்

இஎம்ஐ தேதி. ஜனவரி 31, 2025-இல் ஆரம்பித்த கடன். மாதம் 1 கூட்டினால் ஜாவா, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மூன்றும் பிப்ரவரி 28 தரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் செட்மன்த் போட்டால் பிப்ரவரி 31 என்று கணக்கிட்டு மார்ச் 3-க்குத் தாவும். பிப்ரவரி தவணையே அட்டவணையில் இருக்காது.

அதைவிட மெதுவாகக் கடிப்பது இது: போன தவணையின் தேதியோடு மாதம் கூட்டிக்கொண்டே போனால் பிப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 28 என்று 28-லேயே ஒட்டிக்கொள்ளும். எப்போதும் ஆரம்பத் தேதியிலிருந்து எத்தனையாவது தவணையோ அத்தனை மாதம் கூட்டுங்கள். பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31 என்று சரியாக வரும். இருபது ஆண்டுக் கடனில் மூன்று நாள் வட்டி மாதாமாதம் எங்கே போகிறது என்று ஆடிட்டர் கேட்பார்.

மைஎஸ்க்யூஎல் டைம்ஸ்டாம்ப் டைப்பின் கடைசிக் கணம் 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07. 2018-க்குப் பிறகு வாங்கிய 20 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை அதைத் தாண்டியே இருக்கும். ஸ்ட்ரிக்ட் மோடு என்றால் எரர் வரும், அது நல்லது. ஸ்ட்ரிக்ட் இல்லாவிட்டால் முழுக்கப் பூஜ்யமாகச் சேமித்துக்கொண்டு வார்னிங் மட்டும் தரும். தவணைத் தேதி காலண்டர் தேதி என்பதால் டேட் டைப்தான் வேண்டும். டைம்ஸ்டாம்ப் அங்கே தேவையே இல்லை.

ஸ்கிரீனில் 01-01-1970, 5:30 என்று பார்த்தால் மதிப்பு பூஜ்யம். 20-01-1970-ஐ ஒட்டிய தேதி என்றால் விநாடியை மில்லிசெகண்டாகப் படித்திருக்கிறீர்கள். இப்போதைய காலத்துக்கு 10 இலக்கம் விநாடி, 13 இலக்கம் மில்லிசெகண்ட்.

எக்ஸெல்_அப்லோடு

க்ளையன்ட் அனுப்பும் சிஎஸ்வி-யை அமெரிக்க செட்டிங் உள்ள எக்ஸெலில் டபுள் க்ளிக் செய்து திறந்து சேவ் செய்தாலே டேட்டா கெட்டது. 05/04/2025 மே 4 ஆகிவிடும். 13/04/2025-ஐ மாதமாகப் படிக்க முடியாததால் அது டெக்ஸ்ட்டாக நிற்கும். நாள் 1 முதல் 12 வரை புரண்டது, 13 முதல் தப்பித்தது என்று ஒரே காலத்தில் இரண்டு வகை. செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிற்பது டெக்ஸ்ட், வலப்பக்கம் நிற்பது உண்மையான தேதி. இஸ்நம்பர் போட்டாலும் தெரியும்.

சரி செய்ய: டெம்ப்ளேட்டில் 05-ஏப்-2025 என்று மாதத்தை எழுத்தில் கேளுங்கள், இல்லை ஆண்டு முன்னால் வரும் வடிவம். கோடில் எந்த வடிவம் என்று நேரடியாகச் சொல்லிப் பார்ஸ் செய்யுங்கள், லைப்ரரியை ஊகிக்க விடாதீர்கள். நூற்றுக்கணக்கான ரோவில் நாள் என்ற இடத்தில் 12-க்கு மேல் ஒன்றுகூட இல்லையென்றால் ஃபைலைத் திருப்பி அனுப்புங்கள்.

45000 மாதிரி எண் வந்தால் அது எக்ஸெலின் நாள் எண், 15-03-2023. 25569 கழித்து 86400-ஆல் பெருக்கினால் யூனிக்ஸ் விநாடி. பழைய மேக் ஃபைல் 1904-இல் ஆரம்பிக்கும், 1462 நாள் தள்ளி வரும்.

இரண்டிலக்க ஆண்டு பழைய ரெஜிஸ்டர்களில் இன்னும் இருக்கிறது. 52 என்றால் எக்ஸெல் 1952 என்கிறது, பைதான் 2052 என்கிறது. எக்ஸெலின் வழக்கமான எல்லை 30, பைதானுக்கு 69. பிறந்த தேதியென்றால் எதிர்காலத்தில் விழுந்ததில் 100 கழியுங்கள்.

அண்ணாநகர்_ஜாவா

ஜாவாவில் தேதியை அச்சிடும் ஃபார்மேட் எழுத்தில் ஆண்டுக்குச் சின்ன ஒய் போடுங்கள். பெரிய ஒய் என்பது வாரத்தின் ஆண்டு. அமெரிக்க லொகேலில் 2024 டிசம்பர் 29 ஞாயிறு அன்றே 29-12-2025 என்று அச்சாகும். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் சரியாக இருப்பதால் டிசம்பர் கடைசியில்தான் வெடிக்கும். பெரிய டி ஆண்டின் நாள் எண். பிப்ரவரி 1-க்கு 32 வரும்.

ஜாவா 20, நோடு 20 முதல் ஆங்கில வடிவத்தில் 9:30-க்கும் பிஎம்-க்கும் நடுவே சாதா ஸ்பேஸ் இல்லை, யூனிகோடு 202எஃப் என்ற குறுகிய ஸ்பேஸ். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், டெஸ்ட் மட்டும் தோற்கும். மனிதர் படிக்க அச்சிட்டதை மெஷின் திரும்பப் படிக்கவே கூடாது.

பஞ்சாங்க_ஆப்

ராகு காலத்தைத் திங்கள் 7:30 முதல் 9:00 என்று நிலையாக எழுதிவிடும் ஆப்கள் உண்டு. அது 6 மணிக்கு உதயம், 6 மணிக்கு அஸ்தமனம் என்ற கணக்கு. பகலை எட்டாகப் பிரிப்பதுதான் முறை. சென்னையில் டிசம்பரில் ஒரு பங்கு சுமார் 85 நிமிடம், ஜூனில் சுமார் 97. ஜனவரியில் உதயமே 6:30-ஐ ஒட்டி என்பதால் திங்கள் ராகு காலம் ஏறக்குறைய 7:55-க்குத்தான் தொடங்கும். இரண்டு முறையையும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், செட்டிங்கில் தேர்வாக வைத்துவிடுங்கள்.

பஞ்சாங்க நாள் உதயத்தில் ஆரம்பிக்கிறது. செவ்வாய் விடியற்காலை 3 மணி இன்னும் திங்கள்தான். அதனால் டேபிளின் கீயில் தேதியோடு ஊரும் வேண்டும். திதி முடியும் கணம் உலகம் முழுக்க ஒன்றே, அதை யூடிசி-யில் வைக்கலாம். அந்த நாளின் திதி எது என்பது அந்த ஊர் உதயத்தைப் பொறுத்தது. டொராண்டோவில் இருப்பவருக்குச் சென்னை டேபிளை அப்படியே காட்டினால் விரத நாள் மாறிப்போகும்.

லைப்ரரியில் இந்தியன் காலண்டர் என்று இருப்பது 1957-இல் அரசு ஏற்ற சக ஆண்டுக் காலண்டர். சித்திரை, வைகாசி அதில் கிடைக்காது. வாக்கியம், திருக்கணிதம் இரண்டில் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று முடிவு செய்து, மாதப் பிறப்புத் தேதிகளை ஆண்டு வாரியாக டேபிளில் ஏற்றுவதே நம்பகமானது.

புதுசா_வந்தவன்

எல்லாம் சேர்த்து வெச்சுக்கிட்டேன். எல்லாத்தையும் யூடிசி-யில வெச்சா போதும்னுதான் படிச்சிருந்தேன். அடுத்த வருஷம் நடக்கப்போற மீட்டிங்கும் அப்படித்தானா? டெஸ்ட் எந்தெந்தத் தேதிக்கு எழுதணும்?

பெருங்குடி_பேக்எண்ட்

நடந்து முடிந்தது யூடிசி. நடக்கப்போவது அந்த ஊர் நேரம், ஜோன் பெயர் இரண்டும். ஒரு நாடு கோடைக்கால விதியை நடுவில் மாற்றினால் முன்பே யூடிசி-யாக மாற்றி வைத்த மீட்டிங் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும்; ஊர் நேரமாக இருந்தால் டிஇசட்டேட்டாவை அப்டேட் செய்தாலே போதும். ரிமைண்டர் அனுப்ப யூடிசி தேவை என்றால் கூடுதல் காலமாக வைத்து, அப்டேட் வந்ததும் மறுபடி கணக்கிடு.

டெஸ்ட்டுக்கு: கோடுக்குள் நவ் என்று நேரடியாகக் கூப்பிடாமல் கடிகாரத்தை வெளியிலிருந்து கொடு. மொத்த டெஸ்ட்டையும் டிஇசட் வேரியபிளை மாற்றி மூன்று முறை ஓட்டு: யூடிசி, ஆசியா/கொல்கத்தா, அமெரிக்கா/நியூயார்க். நேரங்கள்: ஏப்ரல் 1 ஐஎஸ்டி 00:00, 05:29, 05:30. ஜனவரி 31-இலிருந்து ஒரு மாதம். பிப்ரவரி 29, 2028. டிசம்பர் 29, 30, 31, 2024. நியூயார்க்கில் 2026 மார்ச் 8 அதிகாலை 2:30, அந்த நேரம் அன்று கிடையாது. நவம்பர் 1 அதிகாலை 1:30, அது இரண்டு முறை வரும். 1944-இல் ஒரு பிறந்த தேதி. 2038 ஜனவரி 20. ஏப்ரல் 1 டெஸ்ட்டை முதலில் எழுது, பெரும்பாலும் அங்கேயே ஏதாவது விழும்.